கட்-ஆஃபும் தரவரிசையும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

பொறியியற் கல்லூரிகளில் இடம் வேண்டி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மாணவர்கள் விண்ணப்பிக்கின்றனர். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான அன்று மாலையே "கட்-ஆஃப் எவ்வளவு?" என்னும் கேள்வி தெருவெல்லாம் கிளம்பிவிடுகிறது. டீக்கடையில் கேட்கிறார்கள், குழாயடியில் கேட்கிறார்கள், மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும்போதும் கேட்கிறார்கள். சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு இன்ன கல்லூரி கிடைக்கும், இன்ன கல்லூரி கிடைக்காது என்று அங்கேயே தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். அத்தீர்ப்பு பெரும்பாலும் சென்ற ஆண்டுப் பட்டியல் ஒன்றைப் பார்த்துச் சொல்லப்படுவது. அப்பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கணிதம் பயிலும் மாணவி என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் இங்கு விளக்க விரும்புகிறேன்.

கலை அறிவியல் கல்லூரி மலரில் பொறியியற் சேர்க்கையைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். நம்மில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தம்பி, தங்கை, அடுத்த வீட்டுப் பிள்ளை என எல்லாரும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு நம்மிடந்தான் வருகிறார்கள். என் தந்தையார் அரிசி ஆலையில் கூலி வேலை பார்ப்பவர். நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு சிறிய விசாரணை அலுவலகமாகிவிடுகிறது. அங்கே வந்த கேள்விகளே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஒரு சொல், இரு பொருள்

கட்-ஆஃப் என்னும் சொல்லை மக்கள் இரண்டு பொருளில் வழங்குகிறார்கள். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. "என் கட்-ஆஃப் 182" என்று ஒரு மாணவர் சொன்னால் அது அவர் 200க்குப் பெற்ற மதிப்பெண். "அந்தக் கல்லூரிக் கட்-ஆஃப் 190" என்று சொன்னால் அது அக்கல்லூரியில், அப்பாடப்பிரிவில், கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். முன்னது நம்முடையது, விடைத்தாள் திருத்தி முடிந்த பிறகு மாறாது. பின்னது பிறருடையது, ஆண்டுக்கு ஆண்டு மாறும். குழப்பம் நேராதிருக்க முன்னதைக் கூட்டு மதிப்பெண் என்றும் பின்னதை இறுதி மதிப்பெண் என்றும் குறிக்கிறேன்.

கூட்டு மதிப்பெண்ணைக் கணக்கிடுவது எளிது. கணிதத்தில் 100க்குப் பெற்றதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்பியல் மதிப்பெண்ணில் பாதி, வேதியியல் மதிப்பெண்ணில் பாதி. மூன்றையும் கூட்டினால் 200க்கு ஓர் எண் வரும். இதில் கணிதத்தின் எடை மற்ற இரண்டைப்போல் இருமடங்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாணவர் கணிதம் 95, இயற்பியல் 85, வேதியியல் 90 பெற்றிருக்கிறார். மற்றொருவர் கணிதம் 80, இயற்பியல் 95, வேதியியல் 95. இருவருக்கும் மொத்தம் 270தான். ஆனால் முதல்வரின் கூட்டு மதிப்பெண் 182.5, இரண்டாமவருடையது 175. தமிழில் 98 வாங்கிய மாணவி ஒருத்தி, "அக்கா, தமிழ் மார்க் இதிலே எங்கே வரும்?" என்று என்னிடம் கேட்டாள். இந்த 200இல் அதற்கு இடமில்லை என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

நடுவண் வாரியம் முதலிய பிற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணை நேரடியாகச் சேர்ப்பதில்லை. ஒரு பாடத்தில் அந்த வாரியத்தின் முதல் மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக்கி, அதே விகிதத்தில் மற்றவர்களுடைய மதிப்பெண்ணையும் உயர்த்துகிறார்கள். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100 என்றும் பிற வாரியத்தில் 96 என்றும் கொண்டால், அங்கே 72 பெற்றவருக்கு இங்கே 75 ஆகும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இன்னமும் "300க்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அப்போது பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 ஆக 300 என்பது கணக்கு. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குப் போக இயலாத கிராமப்புற மாணவர்கள் இதனால் பின்தங்குகிறார்கள் என்னும் குறை நெடுங்காலம் பேசப்பட்டது. டாக்டர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006இல் சட்டம் இயற்றப்பட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அதன்பின் 300 போய் 200 நின்றது.

அரை மதிப்பெண்ணின் விலை

மாநில வாரிய மாணவர்களுக்கு மதிப்பெண்கள் முழு எண்களாகவே வருகின்றன. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்குவதால் கூட்டு மதிப்பெண்ணில் மிகச் சிறிய படி அரை. அப்படியானால் 0 முதல் 200 வரை மொத்தம் 401 படிகளே உள்ளன. 2025ஆம் ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் இடம் பெற்றவர்கள் 2,41,641 பேர். இவர்களை 401 படிகளில் சமமாக நிறுத்தினாலும் ஒரு படிக்கு 600 பேர் நிற்பார்கள். கீழ்ப்படிகளில் ஆளே இராது என்பதால் நடுப்படிகளில் கூட்டம் இன்னும் மிகுதி. வேதியியலில் ஒரே ஒரு மதிப்பெண் கூடினால் கூட்டு மதிப்பெண் அரைதான் கூடும். ஆனால் அந்த அரை ஒருவரைப் பல நூறு பேருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க வீட்டில் யோசிக்கிறவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஒரே படியில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களை எப்படி வரிசைப்படுத்துவது? முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். அதன்பின் வேறு சில மதிப்பெண்கள். எல்லாம் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த நாளும் ஒன்றேயானால் விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது. இந்தச் சமவாய்ப்பு எண் வெளியாகும் நாளில் அதை ஒரு மதிப்பெண்ணைப்போல் எண்ணி மகிழ்பவர்களும் வருந்துபவர்களும் உண்டு. மற்ற அனைத்தும் சமமாகி நின்றால் ஒழிய அதற்கு வேலையே இல்லை.

ஆக, மதிப்பெண் என்பது நாம் எவ்வளவு எழுதினோம் என்பதைக் காட்டுகிறது. தரவரிசை எண் நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. கல்லூரியில் இடம் தருவது இரண்டாவது எண்தான். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு ஆண்டுதோறும் மாறுவதற்கு அண்மைய எடுத்துக்காட்டே போதும். 2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் வேதியியலில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் 471 பேர். 2025இல் அதே பாடத்தில் 3,181 பேர். இயற்பியலில் 633 என்பது 1,125 ஆயிற்று. கணிதத்தில் 2,587 என்பது 3,022 ஆயிற்று. இதன் விளைவாக 200க்கு 200 கூட்டு மதிப்பெண் பெற்றவர்கள் 2024இல் 65 பேராக இருந்து 2025இல் 144 பேர் ஆயினர். 199.5 பெற்ற ஒருவர் 2024இல் மிக முன்னதாக நின்றிருந்தாலும் அவருடைய எண் 66. 2025இல் அதே மதிப்பெண்ணுக்கு மிக முன்னதான எண்ணே 145. உச்சியிலேயே இப்படி என்றால், 180க்கும் 170க்கும் இடையில் எத்தனை இடங்கள் பின்னால் தள்ளப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2025 ஜூனில் எங்கள் திண்ணைக்கு வந்த பெற்றோர் சிலர், "போன வருசம் 178க்கு அந்தக் காலேஜ் கிடைச்சுதே, எம் பையன் 180 வச்சிருக்கானே" என்று நம்பிக்கையோடு பேசினர். 2024இன் 178உம் 2025இன் 180உம் ஒரே அளவுகோலில் அளந்த எண்கள் அல்ல என்பதை அவர்களுக்கு விளக்க நேர்ந்தது.

எனவே, சென்ற ஆண்டோடு ஒப்பிட வேண்டுமானால் மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல் தரவரிசை எண்ணைத் தரவரிசை எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியிடப்படுகிறது. எந்த எண்ணுடையவருக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைத்தது என்பது அதில் இருக்கும். பொறுமையாகத் தேடினால், நாம் விரும்பும் இடம் சென்ற ஆண்டு எந்த எண்ணில் நிரம்பியது என்பது தெரியும். அதுவும் முழு உறுதி தராது. இடங்களின் எண்ணிக்கை கூடினால் அந்த எண் பின்னுக்குப் போகும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சேர்க்கை இடங்களுக்கு இருந்த உச்சவரம்பை 2024–25ஆம் கல்வியாண்டு முதல் தளர்த்தியதும், தரமுள்ள கல்லூரிகள் கணினிப் பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொள்ள வழி பிறந்தது. சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இறுதி மதிப்பெண்ணை யார் தீர்மானிக்கிறார்கள்?

"இந்தக் காலேஜ்காரங்க 190 கேக்குறாங்க" என்று சொல்வது வழக்கம். ஒற்றைச்சாளர முறையில் எந்தக் கல்லூரியும் எந்த மதிப்பெண்ணையும் கேட்பதில்லை. ஒரு சிறிய கணக்கால் இதைப் பார்ப்போம்.

இரண்டே கல்லூரிகள். மேலூர்க் கல்லூரியில் 2 இடம். கீழூர்க் கல்லூரியில் 2 இடம். மாணவர்கள் ஐவர்: கண்ணன் 196, செல்வி 193, முத்து 190, மேரி 184, பாத்திமா 181. முதலில் கண்ணன் வருகிறான், மேலூரை எடுக்கிறான். அடுத்துச் செல்வி. அவள் வீடு கீழூரில் இருக்கிறது. விடுதிச் செலவு வேண்டாம் என்று கீழூரை எடுக்கிறாள். முத்து மேலூரை எடுக்கிறான், மேலூர் நிரம்பிவிட்டது. மேரி கீழூரை எடுக்கிறாள், அதுவும் நிரம்பியது. மேலூரின் இறுதி மதிப்பெண் 190. கீழூரின் இறுதி மதிப்பெண் 184. இந்த 190ஐ மேலூர்க் கல்லூரி முன்கூட்டி அறிவித்ததா? இல்லை. அது முத்துவின் மதிப்பெண். அவ்வளவே.

இப்போது செல்வி மட்டும் மனம் மாறி மேலூரை எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். மேலூரில் கண்ணனும் செல்வியும். இறுதி மதிப்பெண் 193. முத்துவும் மேரியும் கீழூர் போவார்கள். அங்கு 184 மாறவில்லை. ஒருவருடைய மதிப்பெண்ணும் கூடவில்லை, குறையவில்லை, கேள்வித்தாளும் மாறவில்லை. ஒரே ஒரு பெண்ணின் விருப்பம் மாறியதால் ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் 3 மதிப்பெண் ஏறிவிட்டது. உண்மையான கலந்தாய்வில் இப்படி இலட்சம் செல்விகள் இருக்கிறார்கள். ஓராண்டு எல்லாரும் கணினிப் பிரிவுக்கு ஓடினால் கட்டடவியலின் இறுதி மதிப்பெண் இறங்கும். மறு ஆண்டு ஏறலாம். ஆகவே இறுதி மதிப்பெண் என்பது சேர்க்கை முடிந்த பிறகு மணலில் தெரியும் கால் தடம். அது யாரையும் உள்ளே விடுவதும் இல்லை. வெளியே நிறுத்துவதும் இல்லை.

விருப்பப் பட்டியல்

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்டால், பயன் விருப்பப் பட்டியலில் இருக்கிறது. 1997இல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு தொடங்கியபோது மாணவர்கள் சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போனார்கள். இரவுப் பேருந்தில் தந்தையும் பிள்ளையும் போய் இறங்கி, பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி என்பதைக் கண்ணால் பார்த்து, முறை வந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அலைச்சல் இருந்தது, செலவு இருந்தது, தந்தைக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. ஆனால் எது மீதி இருக்கிறது என்பது தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தெரிந்திருந்தது. 2018 முதல் எல்லாம் இணையவழி. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சல் போயிற்று. அதற்கு ஈடாக, எது மீதி இருக்கும் என்று தெரியாமலேயே முன்கூட்டி ஒரு நீண்ட பட்டியல் எழுதித் தரவேண்டிய நிலை வந்தது. படித்தவர் வீட்டில் இதைப் பேசி முடிவு செய்ய ஆள் இருக்கிறது. நம் வீடுகளில் இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த 2024ஆம் ஆண்டு எதிர்வீட்டு அத்தையின் மகளுக்கு நேர்ந்ததை இங்குச் சொல்ல வேண்டும். அவள் கூட்டு மதிப்பெண் 169.5. அரசுப் பொறியியற் கல்லூரி ஒன்றில் கட்டடவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பட்டியலைப் பதிவு செய்யும் கடைசி நாளில் பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டருக்கு அம்மாவும் மகளும் போனார்கள். அங்கிருந்தவர் சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்து, "அந்தக் காலேஜ் போன வருசமே 171ல முடிஞ்சிடுச்சும்மா. அதை மேல போட்டு முறையை வீணாக்காத. கிடைக்கிறதை முதல்ல போடு" என்று சொல்லி, ஊருக்கருகில் உள்ள ஒரு தனியார் கல்லூரியை முதல் விருப்பமாகவும் அவள் ஆசைப்பட்டதை மூன்றாவதாகவும் பதிந்தார். ஒதுக்கீடு வந்தது. முதல் விருப்பமே கிடைத்தது என்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். பிறகு வெளியான பட்டியலைத் தேடிப் பார்த்தபோது, அவள் பிரிவில் அந்த அரசுக் கல்லூரியின் கட்டடவியலில் கடைசி இடம் பெற்றவரின் மதிப்பெண் 168. அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்கு அந்த இடம் போயிருந்தது. ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை. முதல் விருப்பத்துக்கு மேல் வேறு விருப்பம் ஏது? கட்டணம் அரசுக் கல்லூரியைப்போல் பல மடங்கு. அத்தையின் சங்கிலி இன்றும் அடகுக் கடையில் இருக்கிறது.

அந்த பிரவுசிங் சென்டர்க்காரர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் கருதவில்லை. கேட்ட இடம் இல்லையென்றால் முறை போய்விடும், நாம் திரும்பி வருவதற்குள் மற்றதும் போய்விடும் என்பது அவர் எண்ணம். கடைத்தெருவில் அது சரி. கலந்தாய்வில் சரியன்று. ஏன் என்று பார்ப்போம்.

பேருந்து நிலையத்தில் வரிசையாக ஏறுகிறோம் என்று கொள்வோம். நம் முறை வரும்போது நமக்கு முன் ஏறியவர்கள் அமர்ந்த இருக்கை போக மீதி காலியாக இருக்கிறது. முதலில் சன்னலோர இருக்கையைப் பார்க்கிறோம். ஆள் இருந்தால் அடுத்ததைப் பார்க்கிறோம். சன்னலோரத்தை முதலில் பார்த்ததால் மற்ற இருக்கை நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. ஏனெனில் நமக்குப் பின்னால் நிற்பவர் நாம் அமரும் வரை ஏற முடியாது. கணினியும் இதையே செய்கிறது. ஒரு சுற்றுக்குள் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, காலி இடம் உள்ள முதல் விருப்பத்தை அவருக்கு ஒதுக்குகிறது. நம் முறை வரும்போது எவை காலி என்பது நமக்கு முன்னால் உள்ளவர்களைப் பொறுத்தது. நாம் எந்த வரிசையில் எழுதினோம் என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே கிடைக்காத ஒன்றை மேலே எழுதுவதால் இழப்பு எதுவும் இல்லை. கிடைக்கக்கூடிய ஒன்றைக் கீழே எழுதுவதால்தான் இழப்பு. கணித வகுப்பில் இதை ஒரு தேற்றமாகவே நிறுவிவிடலாம். நிறுவல் மூன்று வரிக்கு மேல் போகாது.

எனவே பட்டியலை உண்மையான விருப்ப வரிசையில் எழுத வேண்டும். விருப்பம் என்று நான் சொல்வதில் கல்லூரியின் பெயர் மட்டும் அடங்காது. கட்டணம், விடுதி, தினமும் போய்வரும் தூரம், பெண் பிள்ளை என்றால் மாலை எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து என்பதெல்லாம் அதில் அடங்கும். இவற்றையெல்லாம் எடைபோட்டு வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அதன்பிறகே பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். சென்ற ஆண்டு இறுதி மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கும் ஒரு பயன் உண்டு: பட்டியல் எவ்வளவு கீழே வரை நீளவேண்டும் என்பதை அது சொல்லும். வரிசையை மாற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஐந்தாறு பெயரோடு நிறுத்திக்கொண்டு இடமே ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்களை நான் அறிவேன். அதேபோல், எந்த நிலையிலும் சேர மனமில்லாத கல்லூரியை எழுதவே வேண்டாம், அது கிடைத்துவிடும்.

ஒதுக்கீடு வந்த பின் குறித்த நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்றுச் சேர்கிறேன் என்றும் சொல்லலாம். ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். காத்திருப்பவர்களுக்குப் பட்டியலில் அதற்கு மேலே எழுதிய ஏதேனும் ஒன்று காலியானால் கிடைக்கும். பதிலே சொல்லாமல் இருந்தால் இடம் போய்விடும். குறுஞ்செய்தி வரும் கைப்பேசி எண் யாரிடம் இருக்கிறது என்பதுகூட இங்கு முக்கியம். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியையும் எடுத்துப் போய்விடுகிற வீடுகள் நமக்குத் தெரியும்.

பிரிவுகள்

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இசுலாமியர் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் போட்டி. இந்தப் பொதுப் போட்டி என்பது முன்னேறிய வகுப்பாருக்கு உரிய பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அது எல்லாருக்கும் பொது. ஆதிதிராவிட மாணவி ஒருத்தியின் எண் முன்னால் இருந்தால் அவள் பொது இடத்தைப் பெறுவாள்; அவளுடைய பிரிவின் இடம் அடுத்தவருக்காக அப்படியே இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் பொதுத் தரவரிசை எண் ஒன்றும் தம் பிரிவுக்குள் தரவரிசை எண் ஒன்றும் தரப்படுகின்றன. பிரிவு எண்ணைக் கொண்டுபோய்ப் பொதுப் பட்டியலோடு ஒப்பிட்டு, "ஆயிரத்துக்குள்ளே வந்துட்டேன், கிண்டி கிடைச்சிடும்" என்று துள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவைப் பொதுவோடும் பிரிவைப் பிரிவோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் பொதுத் தரவரிசையிலும் நிற்கிறார்கள். தங்களுக்குரிய தனித் தரவரிசையிலும் நிற்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் அடங்காது. எதிர்வீட்டு அத்தை மகள் படித்தது அத்தகைய பள்ளியில்தான்.

அகில இந்தியத் தேர்வைப் பற்றிச் சில வரி

திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றுக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுத வேண்டும். 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்தும் இத்தேர்வு பல நாட்களில் பல வேளைகளில் நடக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் வேறு வினாத்தாள். ஆகையால் மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிட முடியாது. அதற்குப் பதிலாகச் சதமானம் தருகிறார்கள். சதமானம் 97 என்றால் நூற்றுக்கு 97 மதிப்பெண் என்று பொருளன்று. அதே வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்கு 97 பேர் அவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். 40,000 பேர் எழுதிய வேளையானால் அவருக்கு மேலே 1,200 பேர் இருக்கிறார்கள். எல்லா வேளைகளையும் சேர்த்தால் அந்தக் கூட்டம் எவ்வளவு பெருகும் என்பதை நினைத்துப் பார்த்துக்கொண்டு 97க்கு மகிழ வேண்டும்.

இங்கே ஒரு நன்மை உண்டு. அகில இந்தியக் கலந்தாய்வில் மதிப்பெண்ணைப் பேசாமல், ஒவ்வொரு பாடப்பிரிவும் எந்தத் தரவரிசை எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிந்தது என்பதைச் சுற்றுவாரியாக வெளியிடுகிறார்கள். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவர்க்கு உரியது. திருச்சிக்கு விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டு மாணவர் தம் மாநில வரிசையைப் பார்க்காமல் பிற மாநிலத்தார் வரிசையைப் பார்த்துவிட்டு மனம் தளர்ந்து போவதுண்டு.

கடைசியாக, முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றி. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியே இச்சான்று கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கே இதனால் கல்விக் கட்டணச் சலுகை; நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. இடைத்தரகர் பேச்சைக் கேட்டுக் கலந்தாய்வுக்கு முன்பே ஒரு கல்லூரியில் நேரடியாகப் பணம் கட்டிவிட்டு, பிறகு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோருக்கு நாம் ஒன்றும் செய்ய இயலாது. சான்றிதழ் வாங்கச் சில வாரங்கள் பிடிக்கலாம். குடும்ப உறுப்பினர் அனைவருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். ஆதலால் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முடிவு வருமுன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். இணையவழி விண்ணப்பத்தில் ஐயம் இருப்பின் மாவட்டந்தோறும் அமைக்கப்படும் கலந்தாய்வுச் சேவை மையங்களில் கட்டணமின்றி உதவுகிறார்கள். அங்கே போகும்போது நோட்டில் எழுதிய விருப்பப் பட்டியலையும் உடன் கொண்டுபோக வேண்டும்.